உருவப் பொம்மைக்கு வண்ணம்: டேப் எங்கே, தூரிகை எங்கே?

#1 சிறுதூரிகை (மதுரை)

அனைவருக்கும் வணக்கம். பள்ளி நாள்களில் சேர்த்து வைத்திருந்த ஜி.ஐ.ஜோ போர்வீரர் பொம்மைகள் சிலவற்றைப் பரணிலிருந்து எடுத்திருக்கிறேன். எல்லாம் ஃபன்ஸ்கூல் வெளியிட்ட மூன்றேமுக்கால் அங்குல உருவங்கள். காலணியின் கறுப்பும் இடுப்புப்பட்டையின் வெள்ளியும் தேய்ந்துவிட்டன. அவற்றை மீட்டெடுப்பதோடு, ஒரு வீரனின் கால்சட்டையில் பக்கவாட்டாக மேலிருந்து கீழ்வரை ஒரு சிவப்புக் கோடும் இழுக்க விரும்புகிறேன். இதைத் தவிர, என் தம்பி வாங்கித் தந்த கன்டம் என்ற ஜப்பானிய அசைபடத் தொடரின் 1/144 அளவுள்ள ரோபோ ஒன்றும் இருக்கிறது. அதன் தோள்கவசத்தில் மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி வரும் சாய்ந்த எச்சரிக்கைப் பட்டை போட ஆசை.

இதுவரை நான் பிளாஸ்டிக்கின் மேல் வண்ணம் பூசியதில்லை. வண்ணம் படக்கூடாத இடத்தை மறைக்க, பெயின்ட் கடையில் கிடைக்கும் மாஸ்கிங் டேப் போதுமா, பிரைமர் என்னும் அடிப்பூச்சு கட்டாயமா, டேப்பை எப்போது உரிக்க வேண்டும் என்பவை என் கேள்விகள். காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ் என்னிடம் இல்லை. தூரிகையும் ஸ்ப்ரே கேனும் வாங்க முடியும்.

#2 வண்ணக்கலவை (கோயம்புத்தூர்)

வணக்கம் நண்பரே. டேப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் அது எந்த பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டப்படப் போகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. டேப்போடு வண்ணம் உரிந்து வருகிறது என்ற புகார் எழும் இடங்களில், பெரும்பாலும் கோளாறு டேப்பில் இருப்பதில்லை. அடிவண்ணம் பிளாஸ்டிக்கைப் பிடிக்காமல் மேலோட்டமாக உட்கார்ந்திருப்பதுதான் காரணம்.

உங்கள் ரோபோவைப் பொறுத்தவரை வேலை எளிது. பண்டாய் நிறுவனம் 1980 முதல் வெளியிட்டுவரும், நாமே பூட்டும் இந்த கன்டம் தொகுப்புகளில், பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் சட்டத்தின் ஓரத்தில் சிறிய பட்டி ஒன்று இருக்கும். அதில் பிளாஸ்டிக்கின் வகை அச்சிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். வெளிக்கவசங்கள் பொதுவாகப் பாலிஸ்டைரீன், சில மூட்டுப் பாகங்கள் ஏ.பி.எஸ்., மூட்டுக்குள் செருகும் மென்மையான சிறு வளையங்கள் பாலிஎத்திலீன். முதல் இரண்டும் வண்ணத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பாலிஎத்திலீன் எந்த வண்ணத்தையும் பிடிக்காது. எவ்வளவு நல்ல பிரைமர் அடித்தாலும் வளைத்த இடத்தில் செதிலாக உதிரும். பை நிறைய மலிவாக விற்கும் பச்சைநிறப் போர்வீரர் பொம்மைகள் பலவும் இந்த இனத்தைச் சேர்ந்தவைதான். தொடக்கநிலையாளர்கள் விலை குறைவு என்பதால் அவற்றில் பழக முனைகிறார்கள். பழகுவதற்கு அவைதான் மிகக் கடினமானவை.

வகை தெரியாத பொம்மையாக இருந்தால், அச்சு ஒழுகிய மெல்லிய துணுக்கு ஒன்றை மறைவான இடத்திலிருந்து சீவியெடுத்து, ஒரு சொட்டுப் பாத்திரத் திரவம் கலந்த தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள். மேலே மிதந்தால் பாலிஎத்திலீனோ பாலிப்ரொப்பிலீனோ என்று கொள்ளலாம், ஏனெனில் இவ்விரண்டும் தண்ணீரைவிட இலேசானவை. பாலிஸ்டைரீன், ஏ.பி.எஸ்., பி.வி.சி. மூன்றும் மூழ்கும். முழுப் பொம்மையைப் போட்டுச் சோதிக்க வேண்டாம். உள்ளே அடைபட்ட காற்று அதை மிதக்கவைத்துவிடும். மூழ்கும் துணுக்கு ரப்பரைப் போல வளைந்து பழைய நிலைக்குத் திரும்புமானால் அது பி.வி.சி.யாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது கழுவுதல். அச்சிலிருந்து பொம்மை எளிதாகக் கழல வேண்டும் என்பதற்காக ஆலையில் பூசும் எண்ணெய்ப் பசை சில பொம்மைகளில் எஞ்சியிருக்கும். பழைய பொம்மைகளில் கைப்பிசுக்கும் சேர்ந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரத் திரவமும் பழைய பல்துலக்கியும் போதும். அலசியபின் துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். துணியின் நூல் மடிப்புகளில் சிக்கிக்கொண்டால் பிரைமருக்கு அடியில் மயிர்போலத் தெரியும்.

பழைய வண்ணத்தை நீக்க நினைத்தால், அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கியையும் பெயின்ட் கடைத் தின்னரையும் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். ஏ.பி.எஸ்., பாலிஸ்டைரீன் இரண்டையும் அவை கரைத்துவிடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, முதலில் பாதத்தின் அடியில் சோதித்துவிட்டுப் பிறகு தொடருங்கள். ஊறப்போட வேண்டாம்.

#3 மூன்றேமுக்கால் (சென்னை)

இந்த உருவங்களை நெடுங்காலமாகச் சேகரித்துவருபவன் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்கிறேன். எம்.ஆர்.எஃப். நிறுவனமும் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987இல் ஃபன்ஸ்கூலைத் தொடங்கின. இங்கு வெளிவந்த ஜி.ஐ.ஜோ உருவங்கள் அமெரிக்கப் பதிப்புகளிலிருந்து நிறத்தில் வேறுபட்டிருந்ததால், உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் அவற்றை விரும்பித் தேடுகிறார்கள். ஆகவே ஒரு விண்ணப்பம்: வண்ணத்தை நீக்குவதற்கு முன், உங்கள் கையில் இருப்பது தேய்ந்துபோன பொதுப் பதிப்பா, அரிதான நிறவேறுபாடா என்பதைப் படமெடுத்துச் சேகரிப்பாளர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அரிய பதிப்பாக இருந்தால், தேய்மானத்தோடு அப்படியே விடுவதே மேல்.

பூசுவது என்று முடிவானால் பொம்மையைக் கழற்றுங்கள். 1982இல் தொடங்கிய இந்த வரிசையின் அழகே அதன் கட்டமைப்புதான். முதுகில் ஒரே ஒரு திருகாணி இருக்கும். அதைக் கழற்றினால் மார்பும் முதுகும் இரு ஓடுகளாகப் பிரியும்; தலையும் கைகளும் தனியே வந்துவிடும்; இடுப்பையும் கால்களையும் இழுத்துப் பிடித்திருக்கும் கறுப்பு ரப்பர் வளையம் கண்ணில் படும். பல ஆண்டுகள் பரணில் கிடந்த பொம்மையில் அந்த ரப்பர் வெடித்திருக்கும். எப்படியும் மாற்ற வேண்டிவரும். அப்போதே வண்ண வேலையையும் முடித்துவிடலாம். கால்கள் தனியே கையில் இருக்கும்போது சிவப்புக் கோட்டுக்கு டேப் ஒட்டுவது எவ்வளவு எளிது என்பதைச் செய்து பார்த்தால் தெரியும். கோணலான திருப்புளியைப் பயன்படுத்தித் திருகாணியின் தலையைத் தேய்த்துவிடாதீர்கள்.

இரண்டு இடங்களில் வண்ணமே படக்கூடாது. ஒன்று, உள்ளங்கையின் குழிவு. அங்கே ஒரு படலம் ஏறினாலும் துப்பாக்கியின் பிடி இறுகும். அழுத்திச் செருகினால் கட்டைவிரல் முறியும். இந்த வரிசையில் கட்டைவிரல் முறிவது எல்லாச் சேகரிப்பாளருக்கும் பழகிப்போன துயரம். மற்றொன்று, தோளும் மார்பு ஓடும் உராயும் உட்பக்கம். அங்குப் பூசிய வண்ணம் கையை இருமுறை சுழற்றியதும் சுரண்டுப்பட்டு, அந்தத் துகள் வெளிப்புறத்தையும் கீறும்.

#4 கண்ணாடித்தட்டு (ஈரோடு)

டேப்பைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனெனில் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

சுவருக்கு வண்ணமடிப்போர் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப் சுருக்கம் விழுந்த தடித்த தாளால் ஆனது. அந்தச் சுருக்கங்களின் வழியே வண்ணம் உள்ளே ஊர்ந்துபோகும். பசையும் பொம்மைக்கு அளவுக்கு மிஞ்சியது. டாமியா போன்ற மாதிரிக்கலை நிறுவனங்கள் விற்கும் டேப், ஜப்பானிய வாஷி தாளால் ஆன மெல்லிய மஞ்சள்நிற டேப். 6, 10, 18 மில்லிமீட்டர் அகலங்களில் கிடைக்கிறது. விலை கூடுதலாகத் தோன்றினாலும் ஒரு சுருள் பல பொம்மைகளுக்கு வரும். வாங்க முடிந்தால் அதையே வாங்குங்கள்.

ஆனால் எவ்வளவு நல்ல டேப்பாக இருந்தாலும் சுருளின் ஓரத்தை அப்படியே நம்பாதீர்கள். மேசையில் கிடந்த சுருளை ஒருமுறை உருப்பெருக்கியில் பாருங்கள்: ஓரம் முழுவதும் தூசியும் துணிநாரும் ஒட்டியிருக்கும்; கீழே விழுந்த இடங்களில் நுண்ணிய நசுங்கல்கள் தெரியும். கோடு அந்த நசுங்கலின் வடிவத்திலேயே விழும். அதனால் டேப்பை ஒரு கண்ணாடித் துண்டின் மேலோ வழவழப்பான டைல்ஸ் மேலோ ஒட்டி, எஃகு அளவுகோலை வைத்து, புதிய பிளேடால் இரு ஓரங்களையும் ஒரே இழுப்பில் சீவி எடுத்துவிடுங்கள். புதிதாக வெட்டிய ஓரமே வண்ணத்தைச் சந்திக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டி எடுக்கும்போது பசையும் சற்றுத் தணியும். அடிவண்ணத்துக்கு அது நல்லது.

ஒட்டியபின் நகத்தாலோ பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையாலோ ஓரத்தை மட்டும் தேய்த்து அமர்த்துங்கள். வாஷி டேப் சற்றே ஒளி ஊடுருவக்கூடியது; நன்றாக அமர்ந்த இடத்தில் அதன் நிறம் கொஞ்சம் இருண்டு, அடியில் உள்ள வண்ணம் தெரியும். வெளிறிய இடம் எங்கேனும் தெரிந்தால் அங்குக் காற்று இருக்கிறது என்று பொருள். வண்ணமும் அவ்வழியே புகும். டேப்பின் நடுப்பகுதியை அழுத்த வேண்டியதில்லை.

இப்போது இந்தக் கலையின் மிகப் பயனுள்ள நுட்பத்துக்கு வருகிறேன். டேப் ஒட்டிய உடனே புதிய நிறத்தை அடிக்காமல், டேப்புக்கு அடியில் இருக்கும் அதே நிறத்தை ஓரத்தின் மேல் ஒரு மெல்லிய படலமாகப் பூசுங்கள். எங்கேனும் சந்து இருந்தால் அந்த நிறமே அதற்குள் ஊர்ந்து சந்தை அடைத்துவிடும். அடியிலும் அதே நிறம் என்பதால் கசிந்தது வெளியே தெரியாது. அது உலர்ந்தபின் இரண்டாம் நிறத்தை அடித்தால், அது நுழைவதற்கு இடமே இருக்காது. அடிநிறம் பொம்மையின் சொந்த பிளாஸ்டிக் நிறமாக இருந்தால், நிறமற்ற வார்னிஷால் இதே வேலையைச் செய்யலாம்.

#5 ஒற்றைமயிர் (யாழ்ப்பாணம்)

எல்லோருக்கும் வணக்கம். கண்ணாடித்தட்டு ஐயா விளக்கிய முறையில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் தொடக்கநிலையாளர் ஒருவருக்கு முதல் நாளிலேயே டேப்பைக் கையில் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பத்துச் சென்றிமீற்றருக்கும் குறைவான உயரமுள்ள உருவத்தில் எத்தனை மடிப்புகள், பைகள், வார்கள்! அவற்றின் மேல் தட்டையான டேப் ஒருபோதும் முழுமையாக அமராது. காலணியின் மேல்விளிம்புக்கு டேப் சுற்றுவதற்கு ஆகும் நேரத்தில், நல்ல கூர்முனைத் தூரிகையால் அதே காலணியைச் சுத்தமாகப் பூசி முடித்துவிடலாம்.

உருவத்தின் அச்சே நமக்கு ஓரத்தை வெட்டித் தந்திருக்கிறது. இடுப்புப்பட்டை புடைத்து நிற்கிறது. தூரிகையின் முனையைக் குத்தாமல் அதன் வயிற்றுப் பகுதியைப் பட்டையின் மேல் சாய்த்து இழுத்தால், புடைப்பில் மட்டும் வண்ணம் படும், பள்ளத்தில் படாது. நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தை நீர் கலந்த பாலின் பதத்துக்கு இளக்கி, ஒரே தடித்த பூச்சாக இல்லாமல் மெல்லிய பூச்சுகளாக ஏற்ற வேண்டும். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் தெரியும். அதைக் கண்டு அஞ்சி, ஈரமாக இருக்கும்போதே மீண்டும் மீண்டும் தேய்ப்பதால்தான் தூரிகைத் தடம் விழுகிறது. உலரவிட்டு இரண்டாவது பூச்சை ஏற்றினால் தானாகச் சமமாகும்.

தூரிகையை ஏந்தும் கையின் மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றிக்கொள்ளுங்கள். பொம்மையை ஏந்தும் கையின் சுட்டுவிரலைத் தூரிகை ஏந்தும் கையோடு தொட்டபடி வைத்துக்கொண்டால், இரு கைகளும் ஒன்றாக நடுங்குமே தவிர ஒன்றுக்கொன்று மாறாக நடுங்கா. பாலிஸ்டைரீன் வீரர்களின் கண்களைக்கூட இவ்வாறுதான் வைக்கிறேன்.

#6 கண்ணாடித்தட்டு (ஈரோடு)

நீங்கள் சொன்ன காலணிக்கும் இடுப்புப்பட்டைக்கும் நானும் தூரிகையையே எடுப்பேன். நம் இருவரின் கருத்தையும் பிரிக்கும் எல்லையை இவ்வாறு வகுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அச்சு ஏற்கெனவே விளிம்பு ஒன்றைத் தந்திருக்கும் இடத்தில் தூரிகை. வெறும் நிறம் மட்டுமே விளிம்பாக நிற்க வேண்டிய வழவழப்பான பரப்பில் டேப். கால்சட்டையின் சிவப்புக் கோட்டுக்கும் தோள்கவசத்தின் பட்டைக்கும் அச்சில் எந்த வரம்பும் இல்லை. அங்கே நேர்க்கோட்டைத் தூரிகையால் இழுப்பது கைதேர்ந்தவருக்கே கடினம். தொடக்கநிலையாளருக்கு டேப்தான் துணை.

இத்தனைக்கும் பொம்மை ஆலைகளே இந்த இரண்டையும் பிரித்துத்தான் செய்கின்றன. உருவத்தின் வடிவத்துக்கு அச்சாகப் பொருந்துமாறு மின்முலாம் முறையில் உருவாக்கிய உலோக மறைப்புகளை அவர்கள் வைத்திருக்கிறார்கள். பூச வேண்டிய இடத்தில் மட்டும் துளை இருக்கும். பொம்மையை அதற்குள் பொருத்தி, துளையின் வழியே வண்ணத்தைத் தெளிப்பார்கள். கண், புருவம், சின்னம் போன்ற நுண்ணியவற்றுக்கு வேறு முறை: பொறித்த தகட்டிலிருந்து மையைச் சிலிக்கோன் திண்டால் ஒற்றியெடுத்து முகத்தின் மேல் பதிப்பார்கள். பழைய பொம்மைகளில் வண்ணம் விளிம்பைத் தாண்டிச் சற்றே விலகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மறைப்பு சரியாகப் பொருந்தாதபோது அப்படி நேரும்.

#7 ஒற்றைமயிர் (யாழ்ப்பாணம்)

இந்த வரையறையை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும்: கால்சட்டையின் துணிமடிப்பு அச்சில் ஆழமாக இருந்தால், கோடு மடிப்பைக் கடக்கும் இடத்தில் டேப் பாலம்போல் மேலெழுந்து நிற்கும். அங்கே நெருக்கமாகக் கத்தரித்த சிறு துண்டுகளாக ஒட்ட வேண்டும். அல்லது அந்த ஓரிடத்தை மட்டும் கையால் முடிக்க வேண்டும்.

#8 சிறுதூரிகை (மதுரை)

விளக்கங்களுக்கு மனமார்ந்த நன்றி. பொம்மையின் முதுகுத் திருகாணியைக் கழற்றிவிட்டேன். மூன்றேமுக்கால் அண்ணா சொன்னபடியே ரப்பர் வளையம் தொட்டதும் அறுந்தது. இப்போது தோள்கவசத்தின் மஞ்சள் கறுப்புப் பட்டைக்கு வருகிறேன். பட்டைகளின் அகலம் சமமாக வர என்ன செய்வது? எந்த நிறம் முதலில்?

#9 கண்ணாடித்தட்டு (ஈரோடு)

வெளிர்நிறம் முதலில், அடர்நிறம் பிறகு. கறுப்பின் மேல் மஞ்சளை ஏற்றுவது மிகவும் கடினம். எத்தனை பூச்சு பூசினாலும் பச்சை கலந்த அழுக்கு நிறம் தட்டும். மஞ்சள் இயல்பிலேயே மறைக்கும் திறன் குறைந்த நிறம் என்பதால், அதற்கு அடியில் வெள்ளைப் பிரைமர் இருந்தால் பளிச்சென்று நிற்கும்.

மஞ்சள் நன்கு உலர்ந்த பிறகே டேப். தொட்டால் ஒட்டாமல் இருப்பது ஒன்று. படலம் முழுவதும் இறுகியிருப்பது மற்றொன்று. அக்ரிலிக் சில நிமிடங்களில் தொடுவதற்கு உலர்ந்துவிடும். ஆயினும் டேப் ஒட்டுவதற்குக் குறைந்தது ஒரு நாள் முழுவதும் விடுங்கள். எண்ணெய் அடிப்படையிலான எனாமல் வண்ணத்துக்குப் பல நாள்கள் வேண்டும்.

சமமான அகலத்துக்கு அளந்து குறிக்க வேண்டியதில்லை. கண்ணாடியில் ஒட்டிய டேப்பை 2 மில்லிமீட்டர் கீற்றுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். கவசத்தின் ஒரு மூலையிலிருந்து சாய்வாக, ஒன்றோடொன்று ஒட்டியபடி, இடைவெளியே இல்லாமல் எல்லாக் கீற்றுகளையும் அடுக்கி ஒட்டுங்கள். பரப்பு முழுவதும் மூடியபின், ஒன்று விட்டு ஒன்றாகக் கீற்றுகளை உரித்தெடுங்கள். எடுத்த இடமும் இருக்கும் இடமும் ஒரே அகலம் என்பதால் பட்டைகள் தாமாகவே சமமாக விழும். பிறகு நான் முன்பு சொன்னபடி மஞ்சளை ஒரு மெல்லிய படலமாக ஓரங்களின் மேல் ஏற்றி, உலர்ந்தபின் கறுப்பைப் பூசுங்கள். தூரிகையால் பூசினால், டேப்பின் மேலிருந்து திறந்த பகுதியை நோக்கி இழுங்கள். எதிர்த்திசையில் தள்ளினால் தூரிகையே வண்ணத்தை டேப்பின் அடியில் செருகிவிடும். ஸ்ப்ரேயாக இருந்தால் பரப்புக்கு நேர் எதிரே நின்று, தூறல்போலப் படும்படி 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில், நகர்த்திக்கொண்டே அடியுங்கள். கவசத்தின் மீதிப் பகுதியை டேப்பும் தாளும் கொண்டு முழுமையாக மூடிவிடுங்கள். ஸ்ப்ரேயின் மூடுபனி எதிர்பாராத சந்துகளில் எல்லாம் நுழையும்.

உரிப்பதற்கு, டேப்பின் நுனியைப் பின்னோக்கி மடக்கி, பரப்போடு ஒட்டினாற்போலத் தாழ்வாக, மெதுவாக இழுங்கள். செங்குத்தாகத் தூக்கினால் வண்ணத்தையும் சேர்த்துத் தூக்கும். ஸ்ப்ரே அடித்தபின் மேற்பரப்பு தொடும் அளவுக்கு உலர்ந்ததும் உரித்துவிடலாம். தூரிகையால் பல பூச்சு ஏற்றியிருந்தால் டேப்பின் மேலும் பொம்மையின் மேலும் ஒரே தோலாகப் படலம் படர்ந்திருக்கும். ஓரத்தில் பிளேடின் முனையை அழுத்தாமல் ஓடவிட்டு அந்தத் தோலைப் பிரித்தபின் உரியுங்கள். வாரக்கணக்கில் டேப்பை விட்டுவைக்காதீர்கள், நம் ஊர் வெயிலில் பசை இளகித் தங்கிவிடும்.

#10 ஈரக்காற்று (சிங்கப்பூர்)

வெயிலைச் சொன்னீர்கள், நான் ஈரப்பதத்தைச் சொல்கிறேன். சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில் 60 விழுக்காட்டளவுக்குத் தாழும். லாக்கர் வகை ஸ்ப்ரேயை ஈரம் மிகுந்த நேரத்தில் அடித்தால், கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் படலத்தின் மேல் படிந்து, கறுப்பு வண்ணம்கூட வெண்மைபூத்துப் போகும். நிறமற்ற வார்னிஷில் இது இன்னும் கண்கூடாகத் தெரியும். ஆகவே நாங்கள் ஸ்ப்ரே வேலையை உச்சிப்பொழுதுக்குப் பிறகே வைத்துக்கொள்கிறோம். மழை மூட்டம் இருந்தால் தொடுவதேயில்லை. வெண்மை பூத்துவிட்டால் சுரண்ட வேண்டாம்; உலர்ந்த நாளொன்றில் அதே வார்னிஷை மிக மெல்லியதாக மேலே அடித்தால் பெரும்பாலும் தெளியும்.

மதுரையின் கோடையில் இதற்கு நேர்மாறான தொல்லை வரும். வெப்பமான வறண்ட காற்றில், தொலைவிலிருந்து அடித்த துளிகள் பொம்மையை அடையும் முன்பே உலர்ந்து, பரப்பு உப்புத்தாளைத் தொடுவதுபோலச் சொரசொரப்பாகும். அங்குக் காலை நேரமும், சற்று நெருங்கிய தொலைவும் பொருந்தும் என்று எண்ணுகிறேன்.

அடுக்குமாடி வீட்டில் இருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துணி முகக்கவசமும் தூசிக் கவசமும் கரைப்பான் ஆவியைத் தடுக்கா. அதற்கென உள்ள கரி வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம் வேண்டும். அடுப்பு எரியும் அறையில் ஸ்ப்ரே கேனைத் திறக்கவே கூடாது. இவற்றுக்கு வசதியில்லை எனில், நீரில் கரையும் அக்ரிலிக்கும் தூரிகையும் கொண்டே எல்லாவற்றையும் செய்துவிடலாம். பிரைமர்கூடத் தூரிகையால் பூசும் வகையில் கிடைக்கிறது.

#11 பல்லிவால் (திருச்சி)

இழையை இடைமறிப்பதற்குப் பொறுத்தருள்க. என்னிடம் உள்ள மென்மையான டைனோசர் பொம்மைக்குக் கடையில் வாங்கிய எனாமல் ஸ்ப்ரே அடித்தேன். பல வாரங்கள் ஆகியும் பிசுபிசுப்பு போகவில்லை. விரல்ரேகை அப்படியே பதிகிறது. டேப் ஒட்டிக் கோடு போடுவதற்கு வழியே இல்லை. காத்திருந்தால் உலருமா?

#12 வண்ணக்கலவை (கோயம்புத்தூர்)

உலராது. அந்தப் பொம்மை மென்மையான பி.வி.சி.யாகத்தான் இருக்க வேண்டும். பி.வி.சி.யை வளையும் தன்மையுடையதாக்கச் சேர்க்கப்படும் இளக்கிப் பொருள் மெல்ல மெல்ல வெளியே கசிந்து, எனாமல் படலத்துக்குள் புகுந்து அதை என்றென்றும் இளகிய நிலையிலேயே வைத்திருக்கும். பல ஸ்ப்ரே பிரைமர்களுக்கும் இதே கதிதான். இத்தகைய பொம்மைக்கு நீரடிப்படை அக்ரிலிக்கே ஏற்றது. அமெரிக்காவின் ரீப்பர் நிறுவனம் 'போன்ஸ்' என்ற பெயரில் விற்கும் பி.வி.சி. உருவங்களைக்கூட, கழுவிவிட்டுப் பிரைமர் இல்லாமலேயே அக்ரிலிக்கால் பூசலாம் என்றே அந்நிறுவனம் சொல்கிறது.

இப்போது உள்ள பிசுபிசுப்பான படலத்தை நீக்கிவிட்டு மீண்டும் தொடங்குவதே நேரான வழி. நீக்க முடியாத அளவுக்கு மடிப்புகள் இருந்தால், அதன் மேலேயே நீரடிப்படை வார்னிஷ் பூசி மூடிப் பார்க்கலாம். பலருக்கு இது பலன் தந்திருக்கிறது, ஆனாலும் வளைக்கும் பாகங்களில் நிலைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். டைனோசரின் வால் கோணியிருந்தால், வண்ணத்துக்கு முன்பே வெந்நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி நேராக்கி, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த நீரில் முக்குங்கள், பி.வி.சி. அந்த வடிவிலேயே நிற்கும்.

அந்தப் பொம்மை சிறு குழந்தையின் கைக்குப் போகுமா என்பதையும் தெரிவியுங்கள்.

#13 பல்லிவால் (திருச்சி)

ஆம், மூன்று வயது மகளுடையது.

#14 வண்ணக்கலவை (கோயம்புத்தூர்)

அப்படியானால் என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: அதற்கு வண்ணம் பூசாதீர்கள். இந்தியாவில் வீட்டுப் பூச்சு வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது வாயில் வைக்கும் பொம்மைக்கான சான்று ஆகாது. பொம்மைகளுக்கெனத் தனித் தரநிலை உண்டு. 2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானதும் அதன்படிதான். நாம் வீட்டில் பூசும் எதுவும் அந்தச் சோதனைகளைக் கடந்ததில்லை. நஞ்சற்றது என்று புட்டியில் எழுதியிருந்தாலும், உதிரும் செதிலைக் குழந்தை விழுங்கலாம். பூசிய பொம்மை அலமாரியில் நிற்கட்டும். மகளுக்கு வேறொரு டைனோசரை வாங்கிக் கொடுங்கள்.

#15 சிறுதூரிகை (மதுரை)

தோள்கவசத்தின் டேப்பை இன்று உரித்தேன். ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோல விழுந்திருக்கின்றன. ஒன்று விட்டு ஒன்றாகக் கீற்றை உரிக்கும் நுட்பத்துக்குக் கண்ணாடித்தட்டு ஐயாவுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். கவசம் வளைந்திறங்கும் கீழ்மூலையில் மட்டும் கறுப்பு மயிரிழை அளவுக்கு மஞ்சளுக்குள் கசிந்திருக்கிறது. விரலால் தடவினால், கறுப்பு விளிம்பு சிறு படிபோலத் தட்டுப்படுகிறது. கால்சட்டையின் சிவப்புக் கோட்டை நாளை தொடங்குவேன். கசிவைச் சரிசெய்வது எப்படி, கடைசியாகப் பூச வேண்டிய வார்னிஷ் எது என்று சொல்லுங்கள்.

#16 கண்ணாடித்தட்டு (ஈரோடு)

வளைந்திறங்கும் மூலையில் நேர்க்கீற்று அமராது என்பதை நான் முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அத்தகைய இடங்களுக்கு 1 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய கீற்றை முதலில் வளைத்து ஒட்டி ஓரத்தை அமைத்துக்கொண்டு, அதன் பின்னால் அகலமான டேப்பை வைக்க வேண்டும். வளைவுகளுக்கென்றே நீளும் தன்மையுள்ள பிளாஸ்டிக் டேப்பும் கிடைக்கிறது.

கசிந்த கறுப்பு அக்ரிலிக்காக இருந்து, இன்னும் முழுவதும் இறுகவில்லை என்றால், பல்குத்தும் குச்சியின் முனையைத் தண்ணீரில் நனைத்து மெல்லச் சுரண்டிப் பாருங்கள். மரம் மஞ்சளைக் கீறாது. போகவில்லை என்றால் அதே மஞ்சளை நுண்தூரிகையால் இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக ஏற்றி மறைத்துவிடலாம். ஆல்கஹாலைத் தொடாதீர்கள், அது கறுப்போடு மஞ்சளையும் கரைக்கும். விளிம்பின் படி, வண்ணம் தடித்து ஏறியதால் வந்தது. வார்னிஷ் ஒருமுறை பூசி உலர்ந்தபின், 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் ஓரிரு முறை வருடினால் தணிந்துவிடும்.

#17 மூன்றேமுக்கால் (சென்னை)

வார்னிஷ் குறித்து நான் சொல்கிறேன். வீரனின் உடைக்கும் முகத்துக்கும் பளபளப்பற்ற மேட் வார்னிஷ். காலணிக்கு மட்டும் அரைப்பளபளப்பு. வெள்ளி இடுப்புப்பட்டையின் மேல் மேட் வார்னிஷ் பட்டால் உலோகத்தன்மை மங்கிச் சாம்பலாகத் தெரியும். ஆகவே வெள்ளியைக் கடைசியில், வார்னிஷுக்குப் பிறகு பூசுங்கள். ரோபோவின் பள்ளக்கோடுகளில் எனாமல் மை ஓடவிடுவதாக இருந்தால், பாகங்களைப் பூட்டிய நிலையில் செய்யாதீர்கள். இறுகப் பூட்டிய முளைகளுக்குள் எனாமல் தின்னர் ஊர்ந்தால் பிளாஸ்டிக் சில மணி நேரத்திலேயே விரிசல் விடும்.

எல்லாம் இறுகிய பிறகு, புதிய ரப்பர் வளையத்தைப் பொருத்தி, இரு ஓடுகளையும் சேர்த்து, திருகாணியை முதலில் எதிர்த்திசையில் மெல்லச் சுழற்றுங்கள். பழைய மரையில் விழும்போது சிறு சொடுக்கு ஒன்று விரலுக்குத் தெரியும். அதன்பிறகே வலப்பக்கம் முறுக்குங்கள். கைகள் தாமாகத் தொங்காமல் நிற்கும் அளவுக்கு இறுகினால் போதும்.